பின்பக்கத்துப் பாட்டுக்கும் அதே காசு

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்குத் தெரிந்த குயீன், 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' குயீன்தான். ராக் இசையில் ஊறிய நண்பர்களிடம் இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "தொகுப்பு ஆல்பம் கேட்கிறவன் எல்லாம் ரசிகனாடா?" என்கிற பார்வை. பாடப் புத்தகத்தைத் திறக்காமல் நோட்ஸ் படித்தே பாஸானவனைப் பார்க்கிற மாதிரி.

இருக்கட்டும். பிரிட்டனில் இதுவரை அதிகம் விற்ற ஆல்பம் எது என்று கேட்டால் பாதிப் பேர் பீட்டில்ஸ் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லையாம். 1981 அக்டோபரில் வந்த இந்தத் தொகுப்புதான். 2014-ல் அந்த நாட்டில் 60 லட்சத்தைத் தொட்ட முதல் ஆல்பம் இது. 2022-ல், இணையத்தில் கேட்பதையும் சேர்த்து, 70 லட்சம். ஆக, நோட்ஸ் கோஷ்டியில் நான் தனி ஆள் இல்லை :-)

ஆனால் பாட்டெல்லாம் எவ்வளவு பிரமாதம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அதற்கு என்னைவிட விவரமானவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள். நான் பி.காம். என் கண்ணில் பட்டது கணக்குதான்.

பிரிட்டிஷ் பதிப்பில் மொத்தம் 17 பாட்டு. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய ஒரு ராத்திரியில், எதை யார் எழுதியது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி 10. கிடார் ப்ரையன் மே 5. பேஸ் கிடார் ஜான் டீக்கன் 2. டிரம்ஸ் ரோஜர் டெய்லர்... பூஜ்யம்.

மறுபடி எண்ணினேன். பூஜ்யமேதான். ஸ்னோடன் பிரபு எடுத்த அட்டைப் படத்தில் நான்கு பேரும் இருக்கிறார்கள். பேரேட்டில் மூன்று பேர்தான்.

இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? காசு இருக்கிறது.

ஒரு இசைத்தட்டு விற்றால் கலைஞர்கள் பக்கம் இரண்டு வழியாகப் பணம் வரும். வாசித்ததற்கும் பாடியதற்கும் வருவது ஒன்று. அது குழுவுக்கு வந்து பிரியும். பாட்டை எழுதியதற்கு வருவது இன்னொன்று. அது குழுக் கணக்குக்குள் வராது, எழுதியவருக்கு நேராகப் போய்விடும். கூட்டாண்மைக் கணக்கில் நமக்குச் சொல்லித்தருகிற ஆரம்பப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதி வைக்காவிட்டால் லாபம் சரிசமம். பிரிட்டனின் 1890 சட்டமும் அதைத்தான் சொல்கிறது, நம்முடைய 1932 சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் பாட்டின் உரிமை கூட்டாளிகளின் பொதுச் சொத்து இல்லை, எழுதியவரின் சொந்தச் சொத்து. ஒரே கடையில் உட்கார்ந்திருக்கிற நான்கு பேருக்கும் தனித்தனிக் கல்லாப்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எளிதாக இருக்க ஒரு பாட்டுக்கு ஒரு பங்கு என்று வைப்போம். எழுதியவர்களுக்கு 100 பவுண்டு வந்தால் மெர்க்குரிக்கு ஏறக்குறைய 59, மேக்கு 29, டீக்கனுக்கு 12. டெய்லருக்கு ஒன்றுமில்லை. இதை 70 லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள். 2024-ல் சோனி மியூசிக் குயீனின் பாட்டு உரிமைகளை ஏறக்குறைய 100 கோடி பவுண்டுக்கு வாங்குகிறது என்று செய்தி வந்தது. எந்தப் பாட்டு யாருடையது என்பது சில்லறை விஷயம் இல்லை.

டெய்லருக்கு எழுத வராது என்றும் இல்லை. 1973-ல் வந்த முதல் ஆல்பத்திலிருந்தே ஒன்றிரண்டு எழுதிக்கொண்டுதான் இருந்தார். என்ன, 1981 வரை அவருடைய பாட்டு எதுவும் பிரிட்டனில் சிங்கிள் தட்டின் முன்பக்கத்தில் ஏறவில்லை. முன்பக்கம் ஏறாததற்கு 'ஹிட்' ஆகிற வாய்ப்பே கிடையாது. ஹிட் ஆகாதது தொகுப்பில் வராது. (தொகுப்பைக் கேவலமாகப் பார்க்கிற நண்பர்கள் பக்கம் இந்த ஒரு இடத்தில் நியாயம் இருக்கிறது. விட்டுக்கொடுத்துவிட்டேன், சந்தோஷமா?)

முன்பக்கம் ஏறவில்லை சரி, பின்பக்கம்? இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. 1975-ல் 'போஹிமியன் ராப்ஸடி' சிங்கிளாக வந்தது. 5 நிமிடம் 55 வினாடி ஓடுகிற பாட்டு. அது எடுபடாது என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. 9 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. அந்தத் தட்டின் பின்பக்கத்தில் இருந்தது டெய்லர் எழுதிய 'ஐ ஆம் இன் லவ் வித் மை கார்'. அதைப் பின்பக்கத்தில் போடச் சம்மதிக்கிற வரை அவர் ஒரு அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, பூட்டிக்கொண்டால் தப்பில்லை. ஏனென்றால் தட்டில் இருப்பது இரண்டு பாட்டு, இரண்டுக்கும் ஒரே ராயல்டி. மெர்க்குரியின் பாட்டுக்காக வாங்கிய ஒவ்வொருவரும் டெய்லரின் கார் பாட்டுக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இந்தச் சமாசாரம் குழுவுக்குள் ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. 2018-ல் வந்த சினிமாவில்கூட இந்தக் கார் பாட்டை வைத்துச் சண்டை வரும், தியேட்டரே சிரிக்கும். ஓசியில் சம்பாதித்தவர் என்று டெய்லரைக் கிண்டல் பண்ணுவது இன்றும் நடக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'போஹிமியன் ராப்ஸடி' நடுவில் அந்த ஆபரா பகுதி இருக்கிறது இல்லையா, அதில் உச்சிக்குப் போய் நிற்கிற குரல் யாருடையது? மெர்க்குரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். டெய்லர்! அந்தக் குரலை எடுத்துவிட்டுப் பாட்டைக் கற்பனை பண்ணிப் பாருங்கள். எழுதியவர் கணக்கில் அதற்கு ஒரு பைசா இடமில்லை. பின்பக்கத்தில் தொற்றிக்கொண்டு வந்த காசு, முன்பக்கத்தில் எழுதப்படாத சம்பளம் என்று நான் கணக்கு வைக்கிறேன். ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். பரவாயில்லை.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது என்றும் சொல்லிவிட வேண்டும். போன செமஸ்டரில் நான்கு பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்தோம். அறிக்கையில் முக்கால்வாசி நான் எழுதியது. ஒருத்தன் ஒரு வரிகூட எழுதவில்லை. கடை கடையாக ஏறி இறங்கிக் கேள்வித்தாளை நிரப்பி வாங்கியது, ஜெராக்ஸ், பைண்டிங், கையெழுத்துக்கு அலைந்தது எல்லாம் அவன். மார்க் நான்கு பேருக்கும் ஒன்றாக வந்தது. நான் சும்மா இருக்கவில்லை. "எழுதினவனுக்கும் எழுதாதவனுக்கும் ஒரே மார்க்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. இந்த 17 பாட்டை எண்ணின ராத்திரி, அந்தப் பூஜ்யத்துக்கு நேராக அவன் முகம்தான் வந்தது.

குயீன் இந்தச் சிக்கலை 1989-ல் தீர்த்தார்கள். 'தி மிராக்கிள்' ஆல்பத்திலிருந்து யார் எழுதினாலும் எழுதியவர் பெயர் 'குயீன்', பணம் நான்கு பங்கு. எது சிங்கிள், எது பின்பக்கம் என்று சண்டை போட இனிக் காரணமே இல்லை. இதுதான் சரி என்பது என் கட்சி. ஒரு பாட்டு தாளில் எழுதி முடித்ததும் முடிந்துவிடுவதில்லை. 'வீ வில் ராக் யூ' எழுதியது மே; ஆனால் 1977-ல் ஸ்டூடியோவில் பலகை மேல் ஏறி மிதித்த கால்கள் பல.

என் கட்சிக்கே ஒரு ஓட்டையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். இந்தத் தொகுப்பில் இருக்கிற 17 பாட்டும் தனிக் கல்லாப்பெட்டிக் காலத்துப் பாட்டு. ஒன்றுகூட பங்கு போட்ட காலத்தது இல்லை. நான்கு பேருமே ஹிட் எழுதிய குழுக்கள் உலகத்தில் ரொம்பக் கொஞ்சம். பாடகர் மட்டும் அள்ளிக்கொண்டு போகிறாரே என்கிற அரிப்பு இல்லாவிட்டால் டீக்கன் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' எழுதியிருப்பாரா? டெய்லர்தான் 1984-ல் 'ரேடியோ கா கா'வும் 1986-ல் 'எ கைண்ட் ஆஃப் மேஜிக்'கும் எழுதியிருப்பாரா? (1991-ல் வந்த இரண்டாவது தொகுப்பில் இரண்டுமே இருக்கின்றன. பூஜ்யம் அழிந்தது.) ஆரம்பத்திலிருந்தே சரிசமம் என்றால் மூன்று பேர் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். எங்கள் ப்ராஜெக்டில் நான் கத்தியதும் இதே வாதம்தான். அது முழுத் தப்பு என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல வரவில்லை.

ஆனால் இன்னொரு தட்டும் இருக்கிறது. 1991 நவம்பர் 24 அன்று மெர்க்குரி இறந்தார். அந்த டிசம்பரில் 'போஹிமியன் ராப்ஸடி'யை மறுபடி சிங்கிளாக வெளியிட்டார்கள், மறுபடி முதலிடம், 5 வாரம். வருமானம் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் டெரன்ஸ் ஹிகின்ஸ் அறக்கட்டளைக்குப் போனது. இந்த முறை கூட வந்த பாட்டு 'தீஸ் ஆர் த டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்'. அதில் பெரும்பகுதியை எழுதியதும் டெய்லர்தான். தட்டில் எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயர் இல்லை, குயீன் என்றுதான் இருந்தது.

அந்தப் பையனுக்கு இந்தப் பதிவின் லிங்க்கை அனுப்பியிருக்கிறேன். பாட்டெல்லாம் கேட்கிற ஆள் இல்லை அவன். பார்ப்போம்.