குண்டு வெடித்த பிறகு யார் கதவைத் தட்டுகிறார்கள்?

1999 டிசம்பர் 18ஆம் திகதி மாலை. ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்றே நாட்கள் இருந்தன. கொழும்பு நகர மண்டபத்தருகே நடந்த கூட்டத்தில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவை இலக்கு வைத்துத் தற்கொலைக் குண்டு வெடித்தது. 20க்கும் மேற்பட்டோர் பலியாகினர். உயிர் தப்பிய ஜனாதிபதி வலது கண்ணின் பார்வையை இழந்தார். அன்றே ஜா-எலயில் எதிர்க்கட்சிக் கூட்டத்திலும் குண்டு வெடித்து மேஜர் ஜெனரல் லக்கி அல்கம கொல்லப்பட்டார்.

ஆனாலும் தேர்தலை ஒத்திவைக்கவில்லை. 21ஆம் திகதி மக்கள் வாக்களித்தார்கள். 1994இல் வேட்பாளர் காமினி திசாநாயக்க கொல்லப்பட்டபோதும் தேர்தல் நின்றுபோகவில்லை. இதை நாம் பாராட்டுகிறோம். மக்களின் வாக்கைக் குண்டு தீர்மானிக்கக் கூடாது.

ஆனால் தோழர்களே, மேலிடத்தில் காட்டிய அந்த நிதானம் வீதியில் இருந்ததா? அந்த ஆண்டுகளில் கொழும்பில் எங்கு குண்டு வெடித்தாலும், அடுத்த சில மணித்தியாலங்களில் லொட்ஜுகளிலும் கடைகளின் மேல்மாடிகளிலும் சுற்றிவளைப்பு நடக்கும். அங்கே படுத்திருந்தவர்களில் நமது லயத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். கடையில் மூட்டை தூக்கவும் வீட்டு வேலைக்கும் போனவர்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் அடையாள அட்டை இல்லை. பலருக்குப் பிரஜாவுரிமையே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்தான் கிடைத்தது. பத்திரம் இல்லாததும் தமிழ் பேசியதுமே சந்தேகத்துக்குப் போதுமாக இருந்தது.

குற்றவாளியைத் தேட வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. செத்தவர்களும் கூட்டம் பார்க்க வந்த சாதாரண சனங்கள்தான். ஆனால் அகப்பட்டவனை எல்லாம் அள்ளிக்கொண்டு போனால், உண்மைக் குற்றவாளிக்குத் தப்பியோட நேரம் கிடைக்கிறது.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் பொலிஸுக்குக் கொடுத்த அதிகாரம் பெரிது. அது நீக்கப்பட வேண்டும் என்பதே நமது கோரிக்கை. ஆயினும் அச்சட்டத்தின் கீழ் ஒருவரைக் கைதுசெய்தாலும், 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவின் அவசர இலக்கமும் 1996தான். மறக்கவே முடியாது.

ஆகவே வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளின் அடையாள அட்டைப் பிரதியையும் வேலைத்தள முகவரியையும் வீட்டில் எழுதி வையுங்கள். யாராவது கைதானால், எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, உடனே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த முதல் சில மணித்தியாலங்கள் அதிகாரிகளுக்கு மட்டுமல்ல, நமக்கும் முக்கியமானவை.