ஏரித் தீவின் பொதுக் கடை

தென்னமெரிக்காவில், பெரு, பொலீவியா என்னும் இரு தேசங்களின் எல்லையில், கடல் மட்டத்துக்கு மேல் 3,800 மீட்டர் உயரத்தில் டிட்டிகாகா என்னும் பேரேரி பரந்து கிடக்கிறது. பெருவின் கரையிலுள்ள பூனோ நகரில் படகேறிப் பல நாழிகை பிரயாணம் செய்தால் டாகீலே என்னும் சிறு தீவை அடையலாம். துறையிலிருந்து ஊருக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட கற்படிகள். காற்று மெலிந்த அவ்வுயரத்தில், இடையிடையே நின்று மூச்சு வாங்காமல் ஏறும் வெளியூரார் அரியர்.

மேலே சென்றதும் நமக்கு வியப்பளிப்பது, ஆடவர் நடந்துகொண்டே பின்னல் ஊசிகளை இயக்கும் காட்சியாகும். பின்னல் வேலை அங்கே ஆண்களுக்கே உரியது. சிறு பிராயத்திலேயே பழகிவிடுகிறார்கள். ஸ்திரீகள் தக்ளி போன்ற கதிரில் ஆட்டு ரோமத்தை நூற்று, தறியில் நெய்கிறார்கள். குல்லாயின் மேற்பாதி வெண்மையாயிருந்தால் அணிந்தவர் மணமாகாதவர். சிவப்பே மிகுந்திருந்தால் இல்லறத்தார். பயிர்த்தொழிலும் திருவிழாக்களும் வரும் முறையைச் சித்திரமாகக் காட்டும் அகன்ற இடுப்புக் கச்சையை, நெய்த பஞ்சாங்கம் என்றே சொல்லலாம். 2005-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இக்கலையை மனித குலத்தின் அரும் பாரம்பரியங்களுள் ஒன்றாக அறிவித்தது.

ஆயினும் நாம் போற்றவேண்டியது வேலைப்பாட்டை மட்டுமன்று. ஒரு காலத்தில் இத்தீவின் நிலம் வெளியாரான மிராசுதார்களின் கையில் இருந்தது. 1930களிலிருந்து தீவினர் அதைச் சிறிது சிறிதாக விலை கொடுத்து மீட்டனர். 1968-இல் தங்கள் துணிகளைக் கூட்டுறவு முறையில் விற்கத் தொடங்கினர். பின்னர் ஊர் நடுவே பொதுக் கடை ஏற்பட்டது. ஒவ்வொரு பொருளிலும் செய்தவரின் பெயர்ச் சீட்டு இருக்கும். விலையைச் சங்கமே நிர்ணயிக்கும். கடையில் அமரும் வேலை முறைவைத்து வரும். அண்டை வீட்டார் குறைத்து விற்பார் என்னும் அச்சத்துக்கு அங்கே இடமில்லை. வாங்குபவர் பேரம் பேசி ஒருவரை மற்றொருவருக்கு எதிராக நிறுத்தவும் இயலாது.

இந்த ஒற்றுமைக்கும் சோதனை வந்தது. பிரயாணிகளை ஏற்றிவரும் படகுத் தொழில் முன்பு தீவினரிடமே இருந்தது. 1990களில் பெரு சர்க்கார் தடையற்ற போட்டியை வற்புறுத்தியபின், கரையிலிருந்து வரும் கம்பெனிப் படகுகள் பெருகின. இன்று பிரயாணிகளில் பலர் பகலில் வந்து, உண்டு, படம் பிடித்து, மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். கூட்டம் இருக்கிறது, அவர்கள் செலுத்தும் கட்டணத்தின் பெரும் பங்கோ கரையிலேயே தங்கிவிடுகிறது.

ஆதலின், இத்தகைய கிராமங்களுக்குச் செல்வோர்க்கு ஒரு கடமை உண்டு. ஊராரின் படகில் செல்லவேண்டும். ஓரிரவேனும் ஊராரின் வீட்டில் தங்கவேண்டும். பொதுக் கடையில் சீட்டிலுள்ள விலையை முணுமுணுக்காமல் கொடுக்கவேண்டும். நல்ல குல்லாய் ஒன்றைப் பின்னி முடிக்க நாட்கள் பல ஆகும். அதற்கு விலை வைக்கும் உரிமை, பின்னிய கைகளுக்கு உண்டல்லவா?