டகரத்தின் குற்றம்

பிள்ளைகளின் பிழையைத் திருத்துவது ஆசிரியர் தொழில். அத்தொழிலிலே இருபது ஆண்டுகளைக் கழித்த நாம், சென்ற மாதம் எமது இல்லத்திலேயே பிழையல்லாத ஒன்றைப் பிழையென்று திருத்தினோம். அதனை ஒளியாது கூறுவது கணினியுள்ள குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும்.

எமது மகள் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். கணினியோ பழைய மடிக்கணினி. அதிலே இயங்குவது லினக்ஸ். ஒப்படைக்க ஐந்து நாட்களே இருக்கையில் முதலாம் இயலை அச்சிட்டு எம்மிடம் தந்தாள். ‘படம்’ என்று வரவேண்டிய இடத்திலே ‘பட்டம்’ என்றிருந்தது. ‘நாடு’ ‘நாட்டு’ ஆகியிருந்தது. ‘எடு’ ‘எட்டு’ ஆகியிருந்தது. சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டே சென்றோம். “தமிழ் படிப்பிக்கின்றவர் வீட்டுப் பிள்ளை எழுதும் தமிழா இது?” என்றும் கேட்டுவிட்டோம். “நான் சரியாகத்தான் அடித்தேன், அப்பா” என்றாள். நாம் நம்பவில்லை.

இரவு அவ்வட்டங்களை மீண்டும் நோக்கியபோதுதான் ஒன்று புலனாயிற்று. எங்கே எழுத்து இரட்டிக்கும் என்பதை அறியாதவர் ககரத்திலும் தகரத்திலும் பகரத்திலும் அன்றோ தவறுவர்? இங்கே தவறியது டகரம் ஒன்றே. அறியாமை ஓர் எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பற்றுவதில்லை. குற்றம் பிள்ளையிடத்து அன்று. விசையிடத்து என்று ஐயுற்றோம்.

எமது மகள் கையாளுவது தமிழ் 99 என்னும் விசைப்பலகை முறை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்டது. அதிலே ஒரே மெய்யின் விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாகவே விழும். ‘ட’வை இருமுறை தட்ட ‘ட்ட’ தோன்றும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் விசை நோயுற்று ஒரு தட்டை இரண்டாக அனுப்பினால் என்ன ஆகும்? ஆங்கிலத்திலே சொல் உருக்குலைந்து கண்ணில் உறுத்தும். தமிழிலோ பெரும்பாலும் வேறொரு நல்ல சொல் பிறந்துவிடும். எழுத்துப்பிழை காட்டும் செயலியும் வாய் திறவாது.

கடையொன்றிலே காட்டினோம். “புதிதாய் ஒன்று வாங்குங்கள், சேர்” என்றார் அங்கிருந்தவர். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து என்ற வள்ளுவர் முறையை நினைந்து வீடு திரும்பினோம்.

முதற் சோதனை எளியது. மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றினோம். தமிழ் 99 முறையில் டகரம் இருப்பது ஆங்கில ‘ஓ’ எழுத்தின் விசையில். அதனைத் தட்டத் தட்ட, அவ்வெழுத்தும் இடையிடையே இரண்டாக விழுந்தது. ஆகவே தமிழ் உள்ளீட்டு முறை குற்றமற்றது. இரண்டாவதாக, அயல் வீட்டிலிருந்து யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தினோம். அதிலே டகரம் ஒழுங்காக விழுந்தது. ஆகவே லினக்ஸும் குற்றமற்றது. எஞ்சியது மடிக்கணினியின் சொந்தப் பலகை.

மூன்றாவது சோதனைக்கு ‘ஈவ்டெஸ்ட்’ என்னும் சிறு செயலி உதவுகின்றது. அதனை நிர்வாகி உரிமையுடன் இயக்க வேண்டும். விசையை அழுத்தினால் 1, விட்டால் 0, அழுத்தியபடியே வைத்திருந்தால் 2 என்று அது காட்டும். ஒரு தட்டுக்கு 1, 0, 1, 0 என்று வந்தால் விசையின் அடியிலுள்ள தொடுமுனை துள்ளுகின்றது என்பது பொருள். விரலை எடுத்த பின்னும் 2, 2, 2 என்று தொடர்ந்தால் விசை மேலெழாது ஒட்டியிருக்கின்றது, அல்லது விட்ட செய்தி கணினியை அடையவில்லை. 1, 0 என்று ஒழுங்காக வந்தும் திரையில் எழுத்து மிகுந்தால், கணினி வேலைப்பளுவால் தாமதிக்கின்றது, அல்லது அமைப்பிலே மீளத் தட்டும் வேகம் மிகுதியாகவுள்ளது. நாம் கண்டது 1, 0, 1, 0.

உடனடி மருந்தும் லினக்ஸிலேயே உண்டு. அணுகல்தன்மை அமைப்பில் தட்டச்சுப் பகுதியிலே ‘பவுன்ஸ் கீஸ்’ என்பதை இயக்கினால், மிக விரைந்து வரும் இரண்டாம் தட்டைக் கணினி புறக்கணிக்கும். ஆனால் மருந்துக்கும் ஒரு பத்தியம் உண்டு. இடைவெளியை நீளமாக வைத்தால் மெய்யாகவே இரட்டிக்க வேண்டிய டகரமும் விழுங்கப்பட்டு, ‘பாட்டு’ ‘பாடு’ ஆகிவிடும்! குறைந்த அளவிலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

பின்னர், கணினியை அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, தலைகீழாகப் பிடித்து மெல்லத் தட்டினோம். எமது குடாநாட்டின் கடற்காற்றும் புழுதியும் பல்லாண்டாகச் சேர்த்து வைத்த செல்வம் கொட்டிற்று. மென்தூரிகையால் துடைத்தோம், ஐசோபுரோப்பைல் மதுசாரத்தைப் பஞ்சில் சிறிது தோய்த்து விசையின் ஓரங்களைத் துப்புரவு செய்து, நன்கு உலரவிட்டோம். மறுபடி சோதிக்கையில் 1, 0 என்று மட்டுமே வந்தது.

விசையின் குணமறிந்து நடத்தல் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதிதன்று. தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படும் இராமலிங்கம் முத்தையா 1886இல் சுண்டிக்குளியிலே பிறந்தவர். சிங்கப்பூரிலே வாழ்ந்து அப்பொறியை ஆக்கினார். தட்டியும் தாள் நகராதிருந்தால் அது பொறியின் பழுதென்பர். அவரோ சில விசைகளை நகராதனவாகவே அமைத்தார். புள்ளியை முன்னர்த் தட்டினால் தாள் அசையாது நிற்கும். பின்னர்த் தட்டும் எழுத்து அப்புள்ளியின் கீழே வந்து அமரும். பழுது எது, பண்பு எது என்பதைப் பொறுமையாக நோக்கியவர்க்கே அது கைகூடிற்று.

ஆய்வேடு உரிய நாளிலே ஒப்படைக்கப்பட்டது. புதுக்கணினிக்கு வேண்டிய பணமும் மிஞ்சிற்று. ஆயினும் ஒரு கடன் எஞ்சியிருந்தது. சிவப்பு வட்டமிட்ட அத்தாள்களை எடுத்துச் சென்று, “பிழை எம்முடையது, பிள்ளை” என்று மகளிடம் கூறினோம். அவள் சிரித்துக்கொண்டே எமது சிவப்புப் பேனாவை வாங்கி, தாளின் ஓரத்தில் ‘சரி’ என்று அடையாளமிட்டாள்.