சாமுவேலே கணக்குக் கொடுத்தார்

தேவனை மட்டுமே நம்பி ஊழியம் செய்கிறவரிடம் மனிதர் கணக்குக் கேட்கலாகாது, கேட்டால் அது அவிசுவாசம், தாழ்மையுள்ள விசுவாசி காணிக்கையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வான் என்று மூத்த போதகர் ஒருவர் தம் மாத இதழில் எழுதியிருக்கிறார். தம் கட்சிக்கு ஜார்ஜ் முல்லரையும், 105ஆம் சங்கீதத்தையும், இடது கை வலது கை பற்றிய ஆண்டவரின் போதனையையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். மூன்று சாட்சிகளும் அவருக்கு எதிராகத்தான் பேசுகின்றன.

முல்லர் 1836இல் பிரிஸ்டலில் அநாதை இல்லம் தொடங்கினார். யாரிடமும் பணம் கேட்கவில்லை, ஜெபித்தார், வந்தது. உண்மை. போதகர் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார். அதே முல்லர், வந்ததையெல்லாம் எழுதிவைத்தார் என்பதைச் சொல்லாமல் விடுகிறார். இல்லம் தொடங்குவதற்கு முன்பே, 1835 டிசம்பரில், சில நண்பர்கள் கொடுத்தனுப்பிய பாத்திரங்களை அவர் பதிந்திருக்கிறார்: 28 தட்டு, 4 கத்தி, 5 முள்கரண்டி, உப்புக் கிண்ணம், துருவல் பலகை வரைக்கும். துருவல் பலகைக்குக்கூட உலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்த மனிதரை, லட்சக்கணக்கான ரூபாய்க்குப் பதில் சொல்ல மறுப்பவர் தமக்கு முன்னோடி என்று சொல்லலாமா? முல்லரின் கை வழியே ஏறத்தாழ 15 லட்சம் பவுண்ட் சென்றது. 1898இல் அவர் இறந்தபோது அவருக்கென்று இருந்தது ஏறத்தாழ 160 பவுண்ட். இது நமக்குத் தெரிவதே அவர் கணக்கை மறைக்காததால்தான்.

இன்னொன்றும் உண்டு. 1841 டிசம்பரில் ஆண்டறிக்கை வெளியிட வேண்டிய வேளையில் இல்லத்தில் பணம் வற்றிப்போயிருந்தது. அப்போது அறிக்கையை வெளியிட்டால் நம் வறுமையைக் காட்டிக் கேட்பதுபோல ஆகிவிடும் என்று அஞ்சி அதைத் தள்ளிப்போட்டார், பிறகு வெளியிட்டார். தேவனைச் சார்ந்திருப்பதில் அவருக்கிருந்த கூச்சம் அப்படிப்பட்டது. இன்று தொலைக்காட்சியில் "யாரிடமும் கேட்பதில்லை" என்று பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் அடியில் வங்கிக் கணக்கு எண் ஓடுகிறது, மூலையில் க்யூஆர் கோடு நிற்கிறது. கேட்பது பாவமில்லை, பவுலும் எருசலேமின் ஏழைகளுக்காகக் கேட்டார். கேட்டுக்கொண்டே கேட்கவில்லை என்பது பொய். அந்தப் பொய்க்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது தேவனுடைய நாமத்தை வீணிலே வழங்குவது.

அடுத்தது 105ஆம் சங்கீதம். அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்ற கட்டளையைக் காட்டி விசுவாசிகளை மிரட்டுவது நம் சபைகளில் பழைய வழக்கம். அந்தச் சங்கீதத்தில் அபிஷேகம்பண்ணப்பட்டவர்கள் யார்? கொஞ்சத் தொகையினராய், சொந்த நிலமில்லாமல், தேசம் தேசமாய் அலைந்த ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும். எச்சரிக்கை யாருக்கு? அவர்களை ஒடுக்கக்கூடிய ராஜாக்களுக்கு. பலவீனரைக் காக்க வந்த வார்த்தையைப் பிடுங்கி, பலமுள்ளவர் தம்மைச் சுற்றி மதிலாகக் கட்டிக்கொள்கிறார். அந்த மதிலுக்கு வெளியே நிற்பதோ கணக்குக் கேட்கும் ஏழை விசுவாசி.

அபிஷேகத்தைப் பற்றியே பேசுவோம். சவுலையும் தாவீதையும் தைலம் வார்த்து அபிஷேகம்பண்ணிய சாமுவேல், முதிர்வயதில் ஜனங்களுக்கு முன் வந்து நின்றார். யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், யாருக்கு இடுக்கண் செய்தேன், யார் கையில் பரிதானம் வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று தாமாகவே கேட்டார். 1 சாமுவேல் 12ஆம் அதிகாரம். அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. கேட்குமுன் கொடுத்தார். தாழ்மை என்றால் இதுதான். போதகரின் கட்டுரையில் தாழ்மை முழுவதும் கொடுக்கிறவன் தலையில் சுமத்தப்படுகிறது. வாங்குகிறவருக்கு அதில் ஒரு துளியும் பங்கில்லை.

வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்றாரே ஆண்டவர் என்கிறார் போதகர். மத்தேயு 6ஐத் திறந்து பார்க்கட்டும். அது தர்மம் செய்கிறவனுக்குச் சொன்னது. பெற்றுக்கொண்டு செலவழிக்கிறவருக்குச் சொன்னதல்ல. முல்லர் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார்: கொடுத்தவரின் பெயரை மறைத்தார், வந்த தொகையை வெளியிட்டார். நம்மூரில் நடப்பது நேர்மாறு. கொடுத்தவர் பெயர் சுவரில் கல்வெட்டாகிறது, தொகை போன இடம் மறைகிறது.

பவுல் எருசலேமுக்காகக் காணிக்கை சேர்த்தபோது, தம்மேல் யாரும் குறை சொல்லாதபடி, சபைகளே தெரிந்தெடுத்த சகோதரனைத் தீத்துவோடு சேர்த்து அனுப்பினார். பன்னிருவர் நடுவிலோ, ஆண்டவர் கூடவே இருந்த இடத்தில், யூதாஸ் பணப்பையிலிருந்து திருடினான். ஆண்டவரின் அருகிலேயே பணப்பைக்கு அந்தக் கதி என்றால், போதகரின் பணப்பை எந்த வரத்தால் காக்கப்படும்?

திருநெல்வேலிப் பக்கத்தில் பீடி சுற்றிப் பிழைக்கும் தாய் ஒருத்தி, உலையில் போடுமுன் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பாள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. வீட்டில் பிள்ளைகளுக்கு அன்று ஒரு கவளம் குறையும். பானை நிறைந்ததும் அதைக் கோயிலுக்குச் சுமந்து வருவாள், அரிசி விலையாகும், பணம் ஊழியத்துக்குப் போகும். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தபோது, நம் மக்களின் காணிக்கையே அதன் ஆதாரமாக வேண்டும் என்று வைத்தார்கள். அந்தத் தாயிடம் போய், உன் அரிசி என்னவாயிற்று என்று கேட்காதே, கேட்டால் சாபம் வரும் என்று சொல்ல எந்த மனிதனுக்கு நாக்கு எழும்?

அதே ஜில்லாவில் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் நிதி வேண்டுகோள் விடுக்காமலே பிள்ளைகளை வளர்த்தார். 1951இல் இறந்தபோது தம் கல்லறையில் கல் நாட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். தேவனைச் சார்ந்து வாழ்ந்தவர் தம் பெயரை அழித்துக்கொண்டார். கணக்கை அழிக்கவில்லை.

போதகர் அடுத்த இதழில் எனக்குப் பதில் எழுத வேண்டாம். அந்தப் பக்கத்தில் சென்ற ஆண்டு வந்த காணிக்கை எவ்வளவு, செலவு எவ்வளவு, உடன் ஊழியர்களுக்கு மாதம் எவ்வளவு கொடுத்தார், சபைப் பணத்தில் வாங்கிய நிலம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை அச்சிடட்டும்.