காற்றுச் சட்டையும் நெசவாளர் கண்ணும்

மலையேற்றத்திற்கும் குகைப் பயணத்திற்கும் புறப்படும் இளைஞர் சிலர், கைப்பிடிக்குள் அடங்கும் மெல்லிய நைலான் காற்றுச் சட்டை ஒன்றே இரண்டிற்கும் போதுமென எண்ணுகின்றனர். நெசவறிந்த நம் அங்கத்தினர் இதனை ஒப்பலாகாது.

அத்துணியில் ‘20 டெனியர்’ எனக் குறித்திருப்பர். 9,000 மீட்டர் இழையின் எடை 20 கிராம் என்பது பொருள். நம் பருத்தி நூலில் எண் ஏற ஏற இழை மெலியும், இங்கோ தடிக்கும். கடையில் இதனை மறவற்க.

மலைமுகட்டிற்கு அம்மெல்லிய துணி நன்றே. காற்றைத் தடுப்பது கனமன்று. பாவும் ஊடையும் நெருங்கி நிற்றலே. வாய் வைத்து ஊதிப் பார்த்தால் விளங்கிவிடும். இடையிடையே தடித்த இழையிட்டுக் கட்டமாக நெய்ததாயின் கிழிசல் எளிதிற் பரவாது.

குகையோ வேறு. மேகாலயத்துச் சுண்ணாம்புக் குகைகளில் தவழ்ந்தும் நீரில் இறங்கியும் செல்ல நேரும். கூரிய பாறை அச்சட்டையைக் கிழித்துவிடும். ஈரம் மிகுந்த அங்கே வியர்வையும் உலராது. பருத்தியைப் பரிந்துரைப்பேன் என எதிர்பார்ப்பீர்கள். நம் தொழிலுக்கு உவப்பாகாதெனினும் சொல்கிறேன்: நனைந்த பருத்தி உடற்சூட்டைக் கவரும், குளிரால் விரல் விறைத்தவர் கயிறு பற்றி ஏற இயலாது. தடித்த நைலான் மேலுடையும் உள்ளே கம்பளியுமே அங்கு வேண்டுவன. மெல்லிய சட்டை பையில் உலர்ந்திருந்து, வெளியேறிக் காற்றில் நிற்கும் வேளைக்கு உதவட்டும்.