நலம் பேணுவோம்: வியர்வைப் பூச்சும் கமக்கட்டு எரிவும்

வந்து சேர்ந்து சில மாதங்களே ஆன எம்மவர் பலர் வெளியே சொல்லக் கூச்சப்படும் தொல்லை இது. ஊரில் கிணற்றடியில் அள்ளிக் குளித்து, மெல்லிய பருத்தி உடுப்புடன் திரிந்தோம். இங்கே தடித்த மேலங்கியுடன் வெளிக்கிட்டு, சூடேற்றிய பேருந்திலும் வேலைத்தலத்திலும் நாள் முழுவதும் நிற்கிறோம். வியர்வை மணம் பற்றி யாராவது ஒரு சொல் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், கடையிலுள்ள மிகக் கடுமையான பூச்சை வாங்கி நாளுக்கு மூன்று தரம் பூசுகிறோம். தோல் எரிந்து சிவந்தாலும் பொறுத்துக்கொள்கிறோம். அப்படிப் பொறுக்கத் தேவையில்லை என்பதையே இம்முறை சொல்ல விரும்புகிறோம்.

கடையில் இரு வகைப் பூச்சுகள் உண்டு. டியோடரன்ட் மணத்தை மட்டும் தடுக்கும். அன்டிபேர்ஸ்பிரன்ட் வியர்வையையே குறைக்கும். இதிலுள்ள அலுமினிய உப்பு வியர்வை நாளங்களின் வாயில் படிந்து அவற்றைத் தற்காலிகமாக அடைக்கிறது. மணம்தான் கவலை என்றால் முதல் வகையே போதும்.

அலுமினியம் குளோரைட் ஈரத்துடன் சேரும்போது ஐதரோகுளோரிக் அமிலம் உண்டாகிறது. எரிவுக்கு முக்கிய காரணம் இதுவே. 1903 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த எவர்டிரை என்ற பூச்சு இந்த உப்பினால் ஆனது. இந்த அமிலத்தன்மையைத் தணிக்கும் முறையொன்றுக்கு 1941 இல் அங்கே ஜூல்ஸ் மொன்டெனியர் என்பவர் காப்புரிமை பெற்றார். இன்று சாதாரண பூச்சுகளில் அமிலத்தன்மை குறைந்த வேறு அலுமினிய உப்புகளே உள்ளன. ஆயினும் மிகையாக வியர்ப்போருக்கான கடும் பூச்சுகளில் 20 வீதம் வரை அலுமினியம் குளோரைட் இருக்கும்.

ஆகவே பூசும் முறையில் கவனம் வேண்டும். குளித்தவுடன் ஈரத்தோடு பூசாதீர்கள். கடும் பூச்சை இரவு படுக்கைக்குப் போகுமுன், நன்கு உலர்ந்த தோலில் மெல்லியதாகப் பூசி, காலையில் கழுவிவிடுங்கள். இரவில் வியர்வை குறைவு என்பதால் பூச்சு நன்றாக வேலை செய்யும், எரிவும் குறையும். சவரம் செய்த பின் ஒரு நாளாவது பூசாமல் விடுங்கள்.

வாங்கும்போது பின்பக்கத்தைப் பாருங்கள். அல்ககோல் சேர்ந்தது புண்பட்ட தோலைச் சுடும். 'பர்ஃபம்' அல்லது 'ஃபிரேக்ரன்ஸ்' என்றிருந்தால் அதில் வாசனைப் பொருள் உண்டு. ஒவ்வாமைக்கு அதுவே பெரும்பாலும் காரணம். 'அன்சென்டட்' என்ற சொல்லை நம்ப வேண்டாம், மணத்தை மறைக்கவும் வாசனை சேர்ப்பதுண்டு. 'ஃபிரேக்ரன்ஸ் ஃப்ரீ' என்றிருப்பதைத் தேடுங்கள். கிளிசரின் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். டைமெதிகோன் மெல்லிய காப்பாகப் படியும். நுண்ணிய ஓட்ஸ் மா கடியைத் தணிக்கும். இவை சேர்ந்த பூச்சு தோலுக்கு இதமானது.

ஏற்கனவே எரிகிறதென்றால், ஆறும்வரை எல்லாப் பூச்சையும் நிறுத்துங்கள். வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனையற்ற வாசலீனை மெல்லியதாகத் தடவுங்கள். தளர்ந்த பருத்தி உடுப்பு உடுங்கள். குறையாவிட்டால், ஐதரோகோட்டிசோன் களிம்பைச் சில நாட்களுக்கு மட்டும் பூசலாமா என்று மருந்துக் கடையில் மருந்தாளரைக் கேளுங்கள். மொழி தடையென்றால் பூச்சுப் போத்தலையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வீட்டு வைத்தியத்திலும் அவதானம் தேவை. தேசிக்காய்ப் புளி அமிலம். எரிந்த தோலை மேலும் எரிக்கும். அப்பச்சோடா காரம், அதுவும் தோலின் இயல்பைக் கெடுக்கும். படிகாரக் கல்லும் ஓர் அலுமினிய உப்புத்தான்.

எம் போன்ற நிறத்தவருக்கு எரிவு ஆறிய பின்னும் கருமை பல மாதம் நிற்கலாம். அது அழுக்கல்ல. பீர்க்கங்கூட்டால் உரஞ்சினால் இன்னும் கறுக்கும். நிறம் வெளுக்கும் என்று விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. அவற்றைத் தொடாதீர்கள்.

கொப்புளம், சீழ், நோவுள்ள கட்டி, காய்ச்சல் ஆகியவை இருந்தாலோ, பூச்சை நிறுத்தி இரு வாரமாகியும் ஆறாவிட்டாலோ குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். திடீரென வியர்வை பெருகி உடல் மெலிந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. பள்ளிக்கூடத்தில் கேலிக்குப் பயந்து, பதின்ம வயதுப் பிள்ளைகளும் இதையே இரகசியமாகப் பூசி எரிவைச் சகித்துக்கொண்டிருக்கலாம். அவர்களாக வந்து சொல்லமாட்டார்கள். நீங்களே மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.