அனுபவம் என்னும் பெயரிற் கூலி

விளையாட்டும் ஓர் ஆய்வுப் பொருளாகுமோ என வினவுவோர் உளர். அவர்க்கு நாம் கூறக்கூடிய விடை ஒன்றே. ஒரு விளையாட்டின் விதிகள் எச்செயலுக்குப் பரிசளிக்கின்றனவோ, அச்செயலே அவ்விளையாட்டின் அறமாகும். விதிநூலின் முன்னுரை வீரத்தையும் நட்பையும் எத்துணை விதந்து பேசினும், ஆடுவோர் முன்னுரையை ஆடுவதில்லை, விதியையே ஆடுகின்றனர்.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் ஆக்கமாக வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் நோக்கத்தக்கது. மேசையைச் சுற்றியமர்ந்த சிலர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேச்சினாலேயே ஒரு கதையை நடத்திச் செல்வர். நடுவர் ஒருவர் உலகத்தை விவரிப்பார். ஐயத்துக்குரியவற்றைத் தாயக்கட்டை தீர்க்கும். இங்கு இறுதி வெற்றி என ஒன்றில்லை. ஆதலின் ஆடுவோரை ஈர்த்து நிறுத்தும் பொறுப்புப் பெருமளவுக்கு 'அனுபவப் புள்ளி' என்னும் கணக்கின்மேல் விழுந்தது. புள்ளி குறித்த தொகையை எட்டியதும் பாத்திரம் அடுத்த படிநிலைக்கு உயரும். உயிராற்றலும் போராற்றலும் பெருகும். பின்னாளிற் கணினி விளையாட்டுகள் பலவும் இம்முறையையே சுவீகரித்துக்கொண்டன.

அனுபவம் என இவ்விதி கருதியது யாது? பெரும்பாலும் பொன்னையே. மீட்டு வந்த பொற்காசு ஒன்றுக்கு ஒரு புள்ளி. 1981ஆம் ஆண்டின் அடிப்படை விதிநூலின்படி, போர்வீரன் ஒருவன் இரண்டாம் படிநிலையை அடைய 2,000 புள்ளிகள் வேண்டும். ஓர்க் எனப்படும் பகைப்பிறவி ஒன்றை வெல்வதாற் கிடைப்பன 10 புள்ளிகளே. கொன்றே உயர விரும்புபவன் தன் பங்குக்கு 200 ஓர்க்குகளை வீழ்த்த வேண்டும். அன்றேல் 2,000 காசுகளுடன் உயிரோடு திரும்ப வேண்டும்.

இதனைப் பேராசையின் விதி எனப் பலர் எள்ளி நகையாடினர். அவ்வெள்ளல் அரைகுறையானது. போருக்குக் கூலி சொற்பமாயிருந்தமையால், ஒளிந்து செல்லுதல், பேரம் பேசுதல், பகைவரை ஏமாற்றுதல் ஆகியன அறிவுடைமையாயின. நோக்கம் இழிந்ததாயினும், அதனை அடையும் வழியை ஆடுவோரின் மதிக்கு விட்டது அவ்விதி.

பின்வந்த 'சீர்திருத்தம்' செய்தது என்ன? 1989இன் இரண்டாம் பதிப்பிற் பொன்னுக்குப் புள்ளி என்பது பொது விதியென்ற தகுதியை இழந்தது. 2000இன் மூன்றாம் பதிப்புப் பகைவரை முறியடித்தலையே கணக்கின் நடுவில் நிறுத்தியது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் இரண்டாம் படிநிலைக்கு வேண்டியவை 300 புள்ளிகள். ஓர்க் ஒன்றின் பெறுமதியோ 100. இருநூறு மூன்றாயிற்று! பொன் திரட்டும் கள்வனைத் திருத்தப் புகுந்தோர் அவனைக் கொலைஞனாக்கி விடுத்தனர். போரல்லாத செயலுக்கும் நடுவர் புள்ளி வழங்கலாம் என நூல் அனுமதிப்பது உண்மையே. ஆயின் ஒவ்வொரு பகைப்பிறவியின் பக்கத்திலும் அதன் விலை அச்சிடப்பட்டிருக்க, சமாதானத்தின் விலை நடுவரின் தயவுக்கு விடப்பட்டுள்ளது. அச்சிட்ட எண்ணின் முன் அச்சிடாத அனுமதி எம்மாத்திரம்?

கணக்கையே கைவிட்டு, கதை குறித்த கட்டத்தை எய்தியதும் யாவரையும் உயர்த்திவிடும் முறையும் உண்டு. இது கொலைக்கூலியை ஒழிக்கின்றது; ஆனால் செயலுக்கும் வளர்ச்சிக்கும் இடையிலுள்ள உறவையும் உடன் ஒழித்துவிடுகின்றது. உழைத்தவனும் உறங்கியவனும் ஒருங்கே உயர்கின்றனர்.

வேறு வழியில்லை என்பார்க்கு வரலாறே மறுப்பாகும். 1977இல் வெளிவந்த 'டிராவலர்' தன் பாத்திரங்களை வாழ்ந்து தேர்ந்தவர்களாகவே அறிமுகம் செய்தது. ஆட்டம் தொடங்குமுன்னரே சேவைக்காலத்தில் அவர்கள் மடியவும் கூடும். 1978இன் 'ரூன்குவெஸ்ட்' படிநிலையை நீக்கி, வெற்றியுடன் பயன்படுத்திய திறனே வளரும் என விதித்தது. தன் தற்போதைய திறனைத் தாயக்கட்டை எண் விஞ்சினாலன்றி வளர்ச்சி இல்லை. எனவே 25 சதவீதத் திறனுடையவன் கற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 75 சதவீதம். 90 உடையவனுக்கோ ஏறத்தாழ 10. கற்றவனுக்குக் கல்வி அரிதாகும் என்னும் உண்மை இங்கு விதியாகி நிற்கின்றது. 1981இன் 'கோல் ஒஃப் கதுல்லு' இன்னும் ஒருபடி சென்றது. அதன் மறைபொருளறிவு ஏற ஏறச் சித்தத் தெளிவின் உச்சவரம்பு இறங்குகின்றது. 1985இன் 'பென்ட்ராகன்' வீரனுக்குப் புகழை வழங்கும் அதே கையால் மூப்பையும் வழங்குகின்றது. இவற்றில் அனுபவம் வரவு மட்டுமன்று, செலவுமாகும்.

இம்மாற்று முறைகளும் குறையற்றவையல்ல. 'ரூன்குவெஸ்ட்' ஆடுவோர் தேவையின்றி ஆயுதங்களை மாற்றி மாற்றி வீசி வளர்ச்சிக்குரிய அடையாளங்களைச் சேர்ப்பதுண்டு. ஆனால் இக்குறையே நம் வாதத்தை வலியுறுத்துகின்றது. எதனை எண்ணுகிறோமோ அதனையே ஆடுவோர் செய்வர். ஆகவே எண்ணத் தகுந்ததை எண்ணுக என்பதே நமது கோரிக்கை.

நாளெல்லாம் உழைத்துக் களைத்தவன் மாலையிலாவது தன் வளர்ச்சியைக் கண்ணாரக் காணட்டுமே என்று சிலர் இரங்கி வாதிடுவர். அவ்விரக்கம் நியாயமானது, அதற்கு அளிக்கப்படும் மருந்துதான் நியாயமற்றது. தொகை ஏறுவதையே வளர்ச்சி எனக் காட்டும் விளையாட்டு, பகலில் அவனைக் களைப்பித்த அதே கணக்கை மாலையில் வேடமிட்டு அவன் கையிற் கொடுக்கின்றது. அனுபவம் என்பது மனிதனிடத்து வந்து சேர்வது மட்டுமன்று. அவனை மாற்றிச் செல்வது. தோல்வியும் இழப்பும் பின்வாங்கிய கணமும் அவனுக்கு எதையேனும் கற்பிக்கின்றன. அவற்றைக் கணக்கில் ஏற்காத விதிநூல் அனுபவம் என்னும் சொல்லை ஆளும் உரிமையை இழந்ததாகும். கூலி என அதற்கு உண்மைப் பெயரிடுக.

பரீட்சைப் புள்ளிக்கும் கல்விக்கும் இடையே எத்துணைத் தூரம் உண்டென்பதைப் பல்கலைக்கழகத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. புள்ளியிடுவோரும் புள்ளி பெறுவோருமாகிய நாம், இவ்விளையாட்டுகளின் விதிநூலை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. சிறுவர் பொழுதுபோக்கு எனக் கருதி அதனைத் திறப்போர், தம் முகத்தையே அங்குக் கண்டு திடுக்கிடவும் கூடும்.